வெளிச்சம் வலிக்கும்போது

ஒற்றைத் தலைவலி வந்தவர் முதலில் செய்யும் காரியம் விளக்கை அணைப்பது. ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, துண்டாலோ முந்தானையாலோ கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடுவார். இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு, வலி வந்த நேரத்தில் வெளிச்சம் ஆகாது. வீட்டில் மற்றவர்களுக்கு இது விளங்குவதில்லை. "ஒரு லைட் எரியுது, அதுக்குப் போய் இவ்வளவு அலட்டலா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வி எவ்வளவு அநியாயம் என்பதை உலகுக்குக் காட்டியவர்கள், பார்வையற்றவர்கள் சிலர்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் ராமி பர்ஸ்டீனும் ரோட்ரிகோ நொசேடாவும் உடனிருந்தவர்களும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒற்றைத் தலைவலி உள்ள 20 பார்வையற்றவர்களை அவர்கள் ஆராய்ந்திருந்தார்கள். அதில் 6 பேருக்கு இரவும் பகலும் ஒன்றுதான். கண்ணையே இழந்தவர்களும் பார்வை நரம்பு முழுதும் பழுதானவர்களும் அவர்கள். வெளிச்சத்தால் அவர்களுடைய தலைவலி கொஞ்சமும் கூடவில்லை. மற்ற 14 பேருக்கும் உருவம் எதுவும் தெரியாது, ஆனால் எதிரே வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் உணர்வார்கள். விழித்திரையில் காட்சியைப் பிடிக்கும் கோல் செல்களும் கூம்பு செல்களும் நோயால் அழிந்துபோனவர்கள் அவர்களில் இருந்தார்கள். அந்த 14 பேருக்கும் வெளிச்சம் பட்டால் வலி ஏறியது. காட்சி போய்ச் சேராத மூளைக்கு வலி மட்டும் போய்ச் சேருகிறதென்றால், கண்ணிலிருந்து இன்னொரு பாதை இருக்க வேண்டும். அதே ஆய்வில் எலிகளின் மூளையில் அந்தப் பாதையையும் தேடிக் கண்டார்கள். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து வலி வந்து சேரும், தலாமஸ் என்ற மூளைப் பகுதியின் அதே நரம்பணுக்களின் மேல்தான், விழித்திரையிலிருந்து புறப்பட்ட இழைகளும் வந்து முடிந்தன.

அந்த இழைகளை அனுப்பும் செல்களின் கதை பழையது. 1923இலேயே கிளைட் கீலர் என்ற அமெரிக்க மாணவர், பார்வையற்ற எலிகளின் கண்மணி வெளிச்சத்தில் சுருங்குவதைக் கவனித்தார். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1998இல் இக்னாசியோ ப்ரொவென்சியோ, தவளைத் தோலின் நிறமி செல்களில் ஒளியை உணரும் புதிய புரதம் ஒன்றைக் கண்டு மெலனாப்சின் என்று பெயரிட்டார். அது நம் விழித்திரையிலும் இருப்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது. 2002இல் பிரவுன் பல்கலைக்கழகத்தின் டேவிட் பெர்சன், விழித்திரை நரம்பணுக்களில் மிகச் சில, கோல் கூம்பு செல்களின் உதவி இல்லாமல் தாமே ஒளியை உணர்கின்றன என்று நிறுவினார். தவளைத் தோலில் தேடப் போய், மனிதக் கண்ணில் நூறாண்டு ஆராய்ச்சிக்குத் தப்பியிருந்த ஒரு புலனின் நுனி அகப்பட்டது! எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

இந்தச் செல்கள் நிதானமானவை. விளக்கு எரிந்து சற்று நேரம் கழித்துத்தான் முழுவீச்சில் இயங்கும், அணைந்த பிறகும் உடனே ஓயாது. இருட்டறைக்குப் போன மறுநிமிடமே வலி குறையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இவை கூடுதலாக உணர்வது 480 நானோமீட்டர் அளவிலான நீலத்தை. இவற்றின் இழைகள் வலிப் பாதைக்கு மட்டும் போவதில்லை, உடல் கடிகாரத்துக்கும் போகின்றன. இரவில் இவை தூண்டப்பட்டால் பினியல் சுரப்பி மெலடோனின் என்ற இரவு நேர ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துவிடும், தூக்கம் தள்ளிப்போகும். தூக்கம் கெட்டால் மறுநாள் தலைவலி வரும் வாய்ப்பு கூடும். ஆகவே கண் கூச்சம் உள்ளவர் வீட்டில், மாலை விளக்கைச் சரிசெய்வது ஒரே வேலையில் இரண்டு தொல்லைகளைத் தொடுகிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது பளீரென்ற வெள்ளை. பெட்டியில் 6500 கெல்வின் என்றோ கூல் டேலைட் என்றோ போட்டிருக்கும். அணைத்து வைத்த எல்இடி பல்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பொட்டுகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அடியில் இருப்பது நீல எல்இடி. மேலே பூசிய மஞ்சள் பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக வெளியிடுகிறது, மிச்ச நீலமும் அதுவும் கலந்து வெள்ளையாகிறது. 2700 கெல்வின் வாம் ஒயிட் பல்பில் இந்த மிச்ச நீலம் குறைவு. கண்ணுக்கு ஒரே அளவு பிரகாசமாகத் தெரிந்தாலும், மெலனாப்சின் செல்களின் கணக்கில் அது ஏறத்தாழப் பாதிதான். இந்தக் கணக்கை வைத்தே 2022இல் ஒளி ஆய்வாளர்கள் கூடி ஒரு பரிந்துரை தந்தார்கள். மெலனாப்சின் அளவில் எடைபோட்ட லக்ஸ் என்ற ஒளி அளவையில், பகலில் 250க்குக் குறையக் கூடாது. படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பிருந்து 10ஐத் தாண்டக் கூடாது. தூங்கும் அறையில் 1ஐத் தாண்டக் கூடாது. கூடத்தின் நடுவே இரவு பத்து மணிவரை டியூப் லைட் எரியும் வீடுகளில் இந்தப் பத்தைக் காப்பது கடினம்.

விளக்கு இருக்கும் இடமும் முக்கியம். மேலிருந்து வரும் ஒளி விழித்திரையின் கீழ்ப்பகுதியில் விழுகிறது. அந்தப் பகுதிதான் மெலடோனினைக் கூடுதலாக அடக்குகிறது என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. மாலையில் உத்தரத்து விளக்கை அணைத்துவிட்டு, கண்மட்டத்துக்குக் கீழே, சுவரைப் பார்த்துத் திருப்பிய சிறு விளக்கை ஏற்றினால் போதும். பல்பு நேராகக் கண்ணில் படக் கூடாது.

துடிப்பு இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் விளைவு இருக்கிறது. இங்கிலாந்தில் ஆர்னால்டு வில்கின்ஸ் 1989இல், அலுவலகம் ஒன்றில் அதிவேக மின்னணு சோக் போட்ட விளக்குகளுக்கு மாறியபோது தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் மேல் குறைந்ததைக் காட்டினார். மட்டமான எல்இடி பல்புகளும் இப்படித் துடிக்கின்றன. போனில் ஸ்லோ மோஷன் வைத்து விளக்கைப் படமெடுத்துப் பாருங்கள். படத்தில் வெளிச்சம் ஏறி ஏறி இறங்கினாலோ கறுப்புப் பட்டை ஓடினாலோ அந்தப் பல்பை மாற்றிவிடலாம்.

ராத்திரி எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பு பல வீடுகளில் நீல நிறம். மங்கல்தான் என்றாலும், தேர்ந்தெடுக்க வேண்டாத நிறம் அதுவே. சிவப்போ காவி கலந்த மஞ்சளோ தூக்கத்தை அவ்வளவாகத் தொடாது. ஆனால் தலைவலி ஏறிய நேரத்தில் கதை வேறு. பர்ஸ்டீன் குழு 2016இல் நோயாளிகளுக்கு வெவ்வேறு நிற ஒளியைக் காட்டியபோது நீலத்தோடு மஞ்சளும் சிவப்பும்கூட வலியைக் கூட்டின. இதில் கூம்பு செல்களுக்கும் பங்குண்டு என்பது அப்போது தெரிந்தது. எல்லாவற்றிலும் குறைவாக உறுத்தியது பச்சை. மங்கலான பச்சை ஒளி வலியைச் சுமார் 20 சதவீதம் தணிக்கவும் செய்தது. அது குறுகிய அலைவரிசையில் வடித்தெடுத்த பச்சை. சாதாரண பல்பில் பச்சைக் கண்ணாடித்தாளைச் சுற்றினால் அதே ஒளி கிடைக்காது.

கண்ணாடிக் கடையில் கூடுதல் காசுக்குத் தரும் 'ப்ளூ கட்' லென்ஸை நம்பி ஏமாற வேண்டாம். கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வை அது குறைப்பதற்குச் சான்றில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2023இல் சொல்லிவிட்டது. எஃப்எல்-41 என்ற இளஞ்சிவப்புச் சாயக் கண்ணாடி வேறு வகை. 1991இல் பர்மிங்ஹாமில் அதை அணிந்த குழந்தைகளுக்கு மாதத்துக்கு 6.2 ஆக இருந்த தலைவலி 1.6 ஆகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் கண் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு இருப்பது மட்டும் கூடாது. கண் இருட்டுக்குப் பழகி, இருக்கிற கூச்சமும் கூடிவிடும்.

தூங்கும்போது இமை மூடியிருந்தாலும் ஒளி கொஞ்சம் கசிகிறது. 100 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரே இரவு தூங்கியவர்களுக்கு இதயத் துடிப்பு கூடியிருந்ததையும், மறுநாள் காலை இன்சுலின் சரியாக வேலை செய்யாததையும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஃபில்லிஸ் ஸீ குழு 2022இல் பதிவுசெய்தது. தெருவிளக்கு நேரே விழும் அறையில் கனமான திரையோ, கண்ணை அழுத்தாத பருத்திக் கண்பட்டையோ மாத்திரைக்கு முன்னால் முயல வேண்டியவை. மெலடோனின் மாத்திரை இரவு வந்துவிட்டதென்று உடல் கடிகாரத்துக்குச் சொல்கிறது. அதைப் போட்டுவிட்டு வெள்ளை விளக்கின் கீழ் உட்கார்ந்தால் கடிகாரத்துக்கு இரண்டு சேதி போகும். அளவும் நேரமும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

திடீரென்று கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கி வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. அப்போது விளக்கு மாற்றிப் பார்க்க நேரமில்லை.

வீடு கட்டுபவர்களும் வயரிங் மாற்றுபவர்களும் படுக்கையறையில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு லைட் பாயிண்ட் கேட்டு வாங்குங்கள், அதன் சுவிட்ச் கட்டிலில் இருந்தபடி கைக்கு எட்டட்டும். டிம்மர் வைப்பதானால் டிம் செய்யலாம் என்று பெட்டியில் போட்ட பல்பையே வாங்க வேண்டும், மற்றவை மங்கும்போது துடிக்கும்.