கண் மருந்தை அளிப்பவர் யார்?

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறது திருக்குறள். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தைப் பிழையின்றி அளித்து உடனிருப்பவன் என்பன அவை. மருந்தைக் குறிப்பவர் ஒருவர், அளிப்பவர் மற்றொருவர் என்னும் பாகுபாடு இதில் அடங்கியுள்ளது. ஆயினும், மலேசியத் தனியார் கிளினிக்குகளில் இவ்விரு பணிகளும் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் நடைபெறுகின்றன. கண்ணைச் சோதித்த இடத்திலேயே சொட்டு மருந்தையும் நோயாளி பெற்றுச் செல்கின்றார். சட்டம் இதற்கு இடந்தருகின்றதா? தருமாயின், அதன் எல்லை யாது?

இதற்கு விடை கூறுவது 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம். பெயரைக் கேட்டு மருள வேண்டா. அளவும் முறையும் தவறினால் தீங்கு விளைக்கக்கூடிய மருந்துகளையும் அச்சட்டம் 'நஞ்சு' என்றே வகைப்படுத்துகின்றது. அதன் 19ஆம் பிரிவு, பதிவு பெற்ற மருத்துவர் இத்தகைய மருந்துகளை விற்கவும் வழங்கவும் இசைவளிக்கின்றது. கண் மருத்துவரும் இதில் அடங்குவர்.

ஆனால், அந்த இசைவு வரம்பற்றதன்று. மருந்து அவருடைய சொந்த நோயாளிக்கே, அந்நோயாளியின் சிகிச்சைக்கே வழங்கப்படல் வேண்டும். வழியிற் செல்வோர் கேட்டால் விற்கும் கடையாகக் கிளினிக் ஆகிவிடக் கூடாது. மருந்தின் பெயர், நோயாளியின் பெயர், பயன்படுத்தும் முறை, வழங்கிய நாள், வழங்கியவரின் பெயர், முகவரி ஆகியவை உறைமீது காணப்படல் வேண்டும். பதிவேட்டிலும் குறித்தல் வேண்டும். கண்பார்வையை அளந்து கண்ணாடி வழங்கும் கடைக்காரருக்கு 19ஆம் பிரிவு இந்த உரிமையை அளிக்கவில்லை.

ஒரு சிறு புட்டிக்கு இத்துணைக் காவல் எதற்கு? ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை எடுத்துக்கொள்வோம். சிவந்த கண் அதனால் விரைவில் தெளிவடையும். அதன் சுகங் கண்டவர், அடுத்த முறை கண் சிவக்கும்பொழுது பழைய புட்டியையே தேடுவர். சிவப்புக்குக் காரணம் வைரசாலோ பூஞ்சையாலோ கருவிழியில் உண்டான புண்ணாயின், அதே மருந்து புண்ணை மிகுவிக்கும். நெடுநாள் இட்டுவந்தால் சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் வலியின்றியே உயர்ந்து, பார்வை நரம்பு கெடும். இதுவே கிளாக்கோமா. அதனால் இழந்த பார்வை மீளாது.

மருந்து இரு கைகளைக் கடந்து வருவதிலும் ஒரு நன்மை உண்டு. கண்ணழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் என்னும் சொட்டு மருந்து ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். மருத்துவர் கேட்க மறந்ததை மருந்தாளர் கேட்டு அறியக்கூடும். அன்றியும், மருந்தை விற்று இலாபம் பெறுபவரே மருந்தைத் தேர்ந்தெடுக்கும்பொழுது ஐயம் எழுவது இயல்பு. தென்கொரியா இவ்விரு பணிகளையும் 2000ஆம் ஆண்டு சூலையில் சட்டத்தால் பிரித்தது. மருத்துவர்கள் வேலைநிறுத்தஞ் செய்து எதிர்த்தனர். இங்கிலாந்திலோ, மருந்தகத்திலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் நாட்டுப்புற நோயாளிகளுக்கு மருத்துவரே மருந்து வழங்க வழியுண்டு. மருந்தகம் எட்டாத ஊரில் பிரிவினை நோயாளியையே வருத்தும் என்பதை அவ்விதி உணர்ந்துள்ளது.

மலேசியா அவ்வாறு முற்றிலும் பிரிக்கவில்லை. எனினும், நோயாளி மருந்துச் சீட்டைக் கேட்டுப் பெற்று, விரும்பிய மருந்தகத்தில் வாங்கலாம். தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்னும் ஆணை 2025 மே 1இல் நடைமுறைக்கு வந்தது. இலாபம் பற்றிய ஐயத்தை இது ஓரளவு நீக்கும்.

எனினும், புட்டி வீடு வந்து சேர்ந்தபின் சட்டத்தின் கை அங்கு எட்டாது. உறையிலுள்ள பெயர் தம்முடையதா, நாள் எது என்பதை வீட்டார் பார்த்தல் வேண்டும். பாதுகாப்புப் பொருள் கலந்த பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் திறந்து நான்கு வாரம் கடந்தபின் எறிந்துவிடல் வேண்டும். ஒருவருக்கு அளித்ததை மற்றவர் இடலாகாது. மருந்தை அளிப்பவர் மருத்துவராயினும் மருந்தாளராயினும், அதைக் கண்ணில் இடும் கை பெரும்பாலும் தாயினதோ பிள்ளையினதோ ஆகும். குறள் கூறும் நான்காம் கூறு அங்கேதான் நிறைவுறுகின்றது.