‘மெரித்தோ’, ‘க்ரெதித்தோ’: ஸ்பானியத் தகுதிச்சொற்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பதில் எழும் பொருட்சிக்கல்கள்

ஆய்வுச்சுருக்கம்

ஸ்பானிய மொழியில் ஒருவரின் செயலுக்குரிய தகுதியையும் பெருமையையும் குறிக்கும் தொடர்கள் பல ‘மெரித்தோ’ என்னும் சொல்லை அடியாகக் கொண்டவை. ஆங்கிலம் இப்பொருட்பரப்பை ‘மெரிட்’, ‘கிரெடிட்’, ‘டிசர்வ்’ எனப் பல சொற்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஒலியொப்புமையை நம்பிச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது பாராட்டு அறிவிப்பாகவும், ஐயம் நன்றியின்மையாகவும் திரிகின்றன. அத்திரிபுகள் எங்கு, ஏன் நிகழ்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மொழிபெயர்ப்பியல், போலி இணைச்சொற்கள், ஸ்பானியம், பொருண்மையியல்.

முன்னுரை

லத்தீன் அமெரிக்க இலக்கியம் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வந்துள்ளது. ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது நேரும் பொருள்மாற்றம் தமிழ்ப் பெயர்ப்பிலும் தொடர்வதால், இச்சிக்கல் தமிழாய்வாளருக்குத் தொலைவானதன்று. இங்கு ஸ்பானியச் சொற்கள் அமெரிக்க ஸ்பானிய ஒலிப்பை ஒட்டித் தமிழெழுத்தில் தரப்படுகின்றன.

‘மெரித்தோ’, ‘மெரிட்’ ஆகிய இரண்டும் ஈட்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. படைவீரன் தன் ஊதியத்தை ஈட்டுவதற்கும் உரோமானியர் அவ்வினையையே ஆண்டனர். ‘க்ரெதித்தோ’, ‘கிரெடிட்’ ஆகியவை நம்புதல், நம்பி ஒப்படைத்தல் எனப் பொருள்படும் மற்றொரு வினையின் வழிவந்தவை. வேர் ஒன்றாயினும் கிளைகள் வெவ்வேறு திசையில் வளர்ந்துவிட்டன. ஸ்பானிய ‘மெரித்தோ’ ஈட்டுதல் என்னும் பழம்பொருளை விடாது பற்றியுள்ளது. ஆங்கில ‘மெரிட்’ பல இடங்களில் ஒரு பொருளின் உள்ளார்ந்த தரத்தைக் குறிக்கும் சொல்லாக நகர்ந்துவிட்டது. ஈட்டிய பெருமை யாருடையது என்னும் வினாவை ஆங்கிலம் ‘கிரெடிட்’டிடம் ஒப்படைத்துவிட்டது.

‘தியேனே மெரித்தோ’

அன்றாடப் பேச்சில் மிகுதியாக வழங்குவதும் மிகுதியாகப் பிழைபடுவதும் இத்தொடரே. சொல்லளவில் இதன் பொருள் ‘மெரித்தோ உடையது’ என்பது. ஆங்கிலத்தில் இதனை ‘இட் ஹாஸ் மெரிட்’ எனப் பெயர்த்தால் இலக்கணப்பிழை இல்லை, பொருள்தான் வேறாகிவிடுகிறது. ஆங்கிலத்தொடர் ஒரு வாதத்தையோ முன்மொழிவையோ நோக்கிக் கூறப்படுவது. ‘அதிலும் ஓரளவு கொள்ளத்தக்கது உண்டு’ என்னும் அளவான ஏற்பே அது. ஸ்பானியத்தொடரோ ஒருவர் செய்த செயலை, அதுவும் இடர்ப்பாட்டுக்கிடையே செய்த செயலை, மனம் திறந்து பாராட்டுவது.

எடுத்துக்காட்டாக, பகலெல்லாம் வயலில் உழைத்து இரவில் படித்துப் பட்டம் பெற்ற ஒரு பெண்ணைப் பற்றி ஸ்பானியர் ஒருவர் இத்தொடரைக் கூறுவதாகக் கொள்வோம். பட்டத்தின் தரம் பற்றி அவர் எதுவும் கூறவில்லை. அவள் கடந்துவந்த தடையைக் கருதியே பாராட்டுகிறார். ஒருவரையே எழுவாயாக்கி ‘உனக்கு மிகுந்த மெரித்தோ உண்டு’ என்றாலும் பாராட்டு அவர் செய்த செயலின் மேல்தான் நிற்கும். ஆகவே ‘யூ ஹாவ் டு அட்மயர் ஹர்’ என்பதோ, ‘தட் டேக்ஸ் சம் டூயிங்’ என்பதோதான் ஏற்ற ஆங்கிலப் பெயர்ப்பாகும். இவற்றுள் ‘மெரிட்’ என்னும் சொல்லே இல்லை என்பது கருதத்தக்கது.

இத்தொடரில் மற்றொரு நுட்பமும் உண்டு. ‘அந்த வயதில்’, ‘அவ்வளவு குறைந்த பணத்தில்’ என ஒரு குறையை முன்வைத்தே இது பெரும்பாலும் வருகிறது. ஆகவே பாராட்டுக்குள் சிறிது இரக்கமும், சில வேளை மேட்டிமையும் ஒளிந்திருக்கலாம். தேர்ந்த நாவலாசிரியர் ஒருவர் இதனைப் பாத்திரத்தின் வாயில் வைத்தால், சொல்பவரின் சமூக நிலையும் அதனுடன் வெளிப்படும். வெறும் வியப்புச்சொல்லாகப் பெயர்க்கும் ஆங்கிலப் பதிப்பில் அந்நுட்பம் மறைந்துவிடுகிறது.

எதிர்மறையும் இவ்வாறே. ‘இதில் எனக்கு மெரித்தோ எதுவுமில்லை’ என்று ஒருவர் கூறினால் அது அடக்கம். தான் தகுதியற்றவர் என்னும் ஒப்புதல் அன்று. ‘ஐ டிசர்வ் நோ கிரெடிட்’ என்பதே அதற்கு நெருங்கிவரும்.

பெருமை யாருக்கு?

ஒருவர் உழைக்க மற்றவர் பெருமையைப் பெறுவதனை ஸ்பானியம் ‘யெவார்ஸே எல் மெரித்தோ’, அதாவது மெரித்தோவைத் தன்னுடன் கொண்டு செல்லுதல், என்கிறது. தமிழில் ‘பெயரைத் தட்டிக்கொண்டு போவது’ என்பதற்கும் இதற்கும் உள்ள நெருக்கம் வியப்பளிப்பது. ‘அத்ரிபுயிர்ஸே எல் மெரித்தோ’ என்றால் தானே வலிந்து உரிமை கொண்டாடுதல். முன்னதில் குற்றம் உலகத்தினுடையதாகவும் இருக்கலாம்; பின்னதில் அது செய்தவருடையதே. ஆங்கிலத்தில் ‘கெட் த கிரெடிட்’, ‘டேக் த கிரெடிட்’ என வினையை மாற்றி இவ்வேறுபாட்டைக் காக்க இயலும். இரண்டையும் ‘டேக்’ என்றே எழுதிவிடுவது குற்றமற்ற ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடும்.

ஒரு படைப்பாளரின் கணக்கில் மூன்று நாவல்கள் உள்ளன என்பதற்கு ஆங்கிலம் ‘டு ஹர் கிரெடிட்’ என்கிறது. ஸ்பானியம் இங்கு ‘க்ரெதித்தோ’வை நாடாமல் கணக்கேட்டின் வரவுப்பக்கத்தைக் குறிக்கும் ‘அபேர்’ என்னும் சொல்லை ஆள்கிறது. இரு மொழிகளும் வணிகரின் ஏட்டிலிருந்தே உருவகத்தை எடுத்துள்ளன. எடுத்த சொல் மட்டும் வேறு.

ஒருமையும் பன்மையும்

‘அஸேர் மெரித்தோஸ்’ எனப் பன்மையில் வந்தால், வேண்டிய ஒன்றைப் பெறுவதற்காகப் பணிவிடைகளாலும் முயற்சிகளாலும் நல்ல பெயர் வாங்கப் பார்ப்பது என்று பொருள். மேலதிகாரியின் முன் மட்டும் சுறுசுறுப்பாகும் ஊழியரை இவ்வாறு கேலி செய்வர். ‘அஸேர் மெரித்தோ தெ’ என ஒருமையில் வந்தால், ஒன்றை எடுத்துக் குறிப்பிடுதல் என்று பொருள். இது சட்ட ஆவணங்களின் பழைய நடை. ஓரெழுத்து வேறுபாட்டால் கேலி நடுநிலைக் குறிப்பாகிவிடுகிறது.

அரசுப்பணியும் அரசனின் கடனும்

1978ஆம் ஆண்டு ஸ்பானிய அரசியலமைப்பின் 103ஆம் பிரிவு, அரசுப்பணியில் நுழைவதற்கு ‘மெரித்தோ’, ‘கபஸிதாத்’ ஆகிய இரண்டையும் நெறிகளாக வகுக்கிறது. இங்கு ‘மெரிட்’, ‘எபிலிட்டி’ எனப் பெயர்ப்பதில் தவறில்லை. நடைமுறைக்கு இறங்கும்போதுதான் சொல் வழுக்குகிறது. ஸ்பானியாவில் தேர்வெழுதிப் பணிபெறும் முறை ‘ஒப்போஸிஸியோன்’. ‘மெரித்தோஸ்’ மதிப்பிடப்பட்டுப் பணிபெறும் முறை ‘கொன்கூர்ஸோ’. இரண்டும் இணைந்த முறையும் உண்டு. இங்குப் பன்மையிலுள்ள ‘மெரித்தோஸ்’ என்பவை முன்பணிக்காலம், பட்டங்கள், பயிற்சிகள், வெளியீடுகள் முதலியவை. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. ‘மெரிட்ஸ்’ என்னும் ஆங்கிலச்சொல்லைக் காணும் வெளிநாட்டு விண்ணப்பதாரர் தம் குணநலன்களை விரித்துரைக்கத் தொடங்கிவிடுவார். ‘குவாலிஃபிகேஷன்ஸ் அண்ட் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றே பெயர்க்க வேண்டும். அதனுடன் வரும் ‘அக்ரெதித்தார்’ என்னும் வினை இன்னும் இடருடையது. அது ‘அக்ரெடிட்’ அன்று. சான்றாவணம் காட்டி மெய்ப்பித்தல். இதனைத் தவறாக உணர்ந்து சான்றிதழை இணைக்காது விடுபவர் தமக்குரிய புள்ளிகளை இழக்கக்கூடும்.

இப்பன்மைப் பொருள் இன்று தோன்றியதன்று. 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்தில் போரிட்ட ஸ்பானியர், தாம் ஆற்றிய பணிகளைச் சாட்சிகளுடன் பட்டியலிட்டு அரசனுக்கு அனுப்பிய ஆவணங்கள் ‘ப்ரொபான்ஸா தெ மெரித்தோஸ் இ ஸெர்விஸியோஸ்’ எனப்பட்டன. நிலம், பதவி, ஓய்வூதியம் ஆகியவற்றைக் கோரும் மனுக்கள் அவை. ஆங்கில ஆய்வுநூல்கள் இதனைப் ‘ப்ரூஃப் ஆஃப் மெரிட்’ என்கின்றன. வழக்கத்தில் நிலைத்துவிட்ட பெயர்ப்பாயினும், அரசன் திருப்பித் தரவேண்டிய கடன் என்னும் பொருள் அதில் வெளிறிவிடுகிறது.

எர்னான் கொர்த்தேஸின் படையில் போரிட்ட பெர்னால் தியாஸ் தெல் காஸ்தியோ தம் முதுமையில் குவாத்தமாலாவில் எழுதிய வரலாறு, அவர் இறந்து பல்லாண்டுகள் கழித்து 1632இல் மத்ரித்தில் அச்சேறியது. 1552இல் வெளிவந்த லோபெஸ் தெ கோமாராவின் நூல் வெற்றியின் பெருமையைக் கொர்த்தேஸுக்கே சூட்டியது. உடன் போரிட்ட படைவீரரின் பங்கு மறைந்ததே பெர்னாலின் மனக்குறை. அவரது பேருரையை ஒரு நீண்ட மெரித்தோ மனுவாகவே படிக்கும் ஆய்வாளர் உளர். அவ்வாறு படிப்பவர்க்கு அந்நூலில் ‘மெரிட்’, ‘கிரெடிட்’ ஆகிய இரு ஆங்கிலச்சொற்களும் ஒருங்கே தேவைப்படுகின்றன. ஈட்டியது ஒன்று, அதற்குரிய பெயர் கிட்டாமற்போனது மற்றொன்று. அப்போரில் நிலமும் உயிரும் இழந்த மெக்ஸிக்கர்க்கு அம்மனுக்களின் ‘மெரித்தோ’ எப்படி ஒலித்திருக்கும் என்பது வேறு வினா. ‘மெரிட்’ என்னும் புகழ்ச்சொல்லை எழுதும் மொழிபெயர்ப்பாளர் அவ்வினாவை முற்றிலும் புறந்தள்ள இயலாது.

நீதிமன்றத்தில் திசை திரும்புகிறது. வழக்கின் சாரம் பற்றிய தீர்ப்பை ஆங்கிலம் ‘மெரிட்ஸ்’ என்கிறது. கோஸ்தா ரிக்காவின் ஸான் ஹொஸே நகரிலுள்ள அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம், வெலாஸ்கெஸ் ரொத்ரீகெஸ் வழக்கில் 1988இல் அளித்த தீர்ப்பின் ஸ்பானியத் தலைப்பில் உள்ள சொல் ‘ஃபோந்தோ’, அதாவது அடித்தளம்.

‘க்ரெதித்தோ’ தரும் மயக்கம்

‘தார் க்ரெதித்தோ’ என்பதன் மரபுப்பொருள் நம்புதல். ‘தன் கண்களுக்கே க்ரெதித்தோ தரவில்லை’ என்றால் கண்டதை நம்ப இயலாமல் வியந்தார் என்பது கருத்து. ‘கிவ் கிரெடிட்’ என்னும் ஆங்கிலத்தொடரோ பெருமையை உரியவருக்கு வழங்குதல். அதற்கு ஸ்பானியம் ‘ரெகொனோஸேர் எல் மெரித்தோ’ என்கிறது. எனினும் ஆங்கிலத்தின் தாக்கத்தால் அமெரிக்க ஸ்பானியத்தில் ‘தார் க்ரெதித்தோ’ இரண்டாம் பொருளிலும் இன்று வழங்குகிறது. இதனைப் பிழையென ஒதுக்குவோர் உண்டு. ஆனால் வழக்கிலுள்ள சொல்லை மொழிபெயர்ப்பாளர் திருத்த முடியாது, பொருள்கொள்ளத்தான் முடியும்.

ஆகவே ‘நான் அவனுக்கு க்ரெதித்தோ தரமாட்டேன்’ என்னும் ஒரே தொடர் மூன்று வகையில் விரியும். பழைய தலைமுறை எழுத்தாளரிடத்து ‘அவன் சொல்வதை நம்பமாட்டேன்’. மயாமியில் வெளியாகும் செய்தித்தாளில் ‘அப்பெருமையை அவனுக்கு வழங்கமாட்டேன்’. கடைக்காரரின் வாயில் ‘அவனுக்குக் கடன் இல்லை’. தொடரைப் பேசியவர் யார், எந்நாட்டவர், முன்வரியில் பேசப்பட்டது கதையா, வெற்றியா, சரக்கா என்பவை தெரியும்வரை ஆங்கிலத்தில் எதையும் எழுத இயலாது.