கொழும்பு மாநகரின் பூங்காக்களும் திறந்த வெளிகளும்



கல்விச் சுற்றுலாவுக்காகக் கொழும்புக்குச் சென்று வந்த ஒரு மாணவரிடம் "என்னென்ன பார்த்தீர்?" என்று கேட்டால், மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை, காலி முகத்திடல் என்று பட்டியல் வரும். "காலி முகத்திடல் எதற்காக அங்கே விடப்பட்டிருக்கின்றது?" என்று கேட்டால் "பொழுதுபோக்குவதற்கு" என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடும்.

பரீட்சை விடைத்தாள்களிலும் இதே குறைபாட்டைக் காணலாம். நகரத் திறந்த வெளிகளின் முக்கியத்துவத்தை விளக்குமாறு கேட்டால், "மனதுக்கு மகிழ்ச்சி தரும்", "ஓய்வு கிடைக்கும்", "களைப்பு நீங்கும்" என மூன்று வரிகள் எழுதப்படுகின்றன. ஆனால் இவை மூன்றும் ஒரே காரணமே ஆகும்.

ஒரு நகரத்துக்கு வீதி, குழாய்நீர், வடிகால் என்பன எவ்வாறு அவசியமோ, அவ்வாறே திறந்த வெளியும் அவசியமாகும். அது கட்டடம் கட்டாமல் மிஞ்சிப்போன வெறுங்காணி அன்று. நகரத்துக்காக ஒவ்வொரு நாளும் வேலை செய்யும் நிலம் அது. இதனை விளங்கிக்கொள்வதற்காகக் கொழும்பிலும் அதன் அயலிலும் உள்ள ஐந்து இடங்களை ஒரு பயணமாகச் சென்று பார்ப்போம். ஒவ்வோர் இடத்திலும் ஒரே வினாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தை நிரப்பிக் கட்டடம் கட்டினால் நகரம் எதனை இழக்கும்?

1. காலி முகத்திடல்

கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கினால் நடந்தே இவ்விடத்தை அடையலாம். ஒல்லாந்தர் காலத்தில் இத்திடல் விளையாட்டுக்காக விடப்படவில்லை. கோட்டையைத் தாக்க வரும் எதிரி மறைந்து நிற்க இடமில்லாதவாறும், பீரங்கிச் சூட்டுக்குத் தடையில்லாதவாறும் வெளியாக வைக்கப்பட்டது. பிரித்தானியர் காலத்தில் குதிரைப் பந்தயமும் கோல்ப் விளையாட்டும் இங்கு நடைபெற்றன.

தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856 ஆம் ஆண்டில் கடலோர நடைபாதையை ஆரம்பித்தார். அது 1859 ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது. அங்குள்ள நினைவுக் கல்லைத் தேடிப் பாருங்கள். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதனைப் பேணுமாறு, தமக்குப் பின் பதவிக்கு வருவோரை அவர் அதில் கேட்டுக்கொண்டுள்ளார். ஒரு பொதுவெளியை அமைப்பது ஒருவரின் பணி, காப்பது பின்வரும் எல்லோரதும் பணி என்பது இதனால் விளங்கும்.

மாலை வேளையில் இங்கு பட்டம் விடும் சிறுவர்களையும், இறால் வடை விற்போரையும், குடும்பமாக வந்து புல்லில் அமர்ந்திருப்போரையும் காணலாம். கொழும்பில் காணியின் விலையைப் பேர்ச் கணக்கில் பேசுவார்கள். தோட்ட வீடுகளிலும் மாடிக் குடியிருப்புகளிலும் வாழும் குடும்பங்களுக்குச் சொந்தமாக ஒரு முற்றம் கிடையாது. அவர்களுக்கு இத்திடலே முற்றமாகும். உள்ளே வர அனுமதிச் சீட்டுத் தேவையில்லை. பணக்காரரும் ஏழையும், எல்லா இனத்தவரும் மதத்தவரும் ஒரே காற்றை வாங்கும் இடம் இது.

மக்கள் ஒன்றுகூடித் தமது கருத்தை வெளிப்படுத்துவதற்கும் பொதுவெளி தேவை. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, ஏப்ரல் மாதம் முதல் சில மாதங்கள் மக்கள் இங்கு கூடி எதிர்ப்பைத் தெரிவித்தமை இதற்கு உதாரணமாகும். இது குடியியற் கல்விப் பாடத்துக்கும் பொருந்தும்.

2. பேர வாவி

திடலிலிருந்து சிறிது தூரம் உள்ளே சென்றால் பேர வாவி தென்படும். இது இயற்கையான ஏரியன்று. கோட்டையின் பாதுகாப்புக்காகப் போர்த்துக்கேயர் காலத்தில் உருவாக்கப்பட்ட நீர்நிலை. வாவியின் மேல் அமைந்துள்ள சீமா மாலக்கய என்னும் பௌத்த தியான மண்டபம், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வடிவமைப்பாகும்.

முன்னர் ஏறத்தாழ 165 ஹெக்டெயராக இருந்த இவ்வாவி, காலப்போக்கில் ஏறத்தாழ 65 ஹெக்டெயராகச் சுருங்கிவிட்டது. இங்கே சிறு கணக்கொன்றைச் செய்து பாருங்கள். இழப்பு 100 ஹெக்டெயர். இது முன்னைய பரப்பில் ஏறத்தாழ 60% ஆகும். கரையோரங்கள் சிறிது சிறிதாக நிரப்பப்பட்டதால் ஏற்பட்ட இழப்பு இது. எஞ்சிய நீரிலும் கழிவுகள் சேர்ந்து பச்சைப் பாசி படர்வதுண்டு. நிரப்பிய நிலத்தை மீண்டும் வாவியாக்க முடியாது என்பதை நினைவிற் கொள்க.

3. விகாரமகாதேவி பூங்கா

கொழும்பு மாநகர சபைக் கட்டடத்தின் எதிரே இப்பூங்கா அமைந்துள்ளது. முன்னர் விக்டோரியா மகாராணியின் பெயரைக் கொண்டிருந்த இது, பின்னர் துட்டகைமுனு மன்னனின் தாயாரான விகாரமகாதேவியின் பெயரைப் பெற்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்தினர் இங்கு தங்கியிருந்தனர். போரின் பின்னர் மீண்டும் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. 1877 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையும் பொது நூலகமும் அருகில் உள்ளமையால் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

நண்பகலில் வீதியிலிருந்து இப்பூங்காவின் பெருமரங்களுக்குக் கீழே வந்து நின்று பாருங்கள். வெப்பம் குறைவதை உடலே உணரும். இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மரங்களின் விதானம் வெயில் நிலத்தில் விழாமல் தடுக்கின்றது. மற்றையது, இலைகளிலிருந்து ஆவியுயிர்ப்பு மூலம் நீராவி வெளியேறும்போது சுற்றியுள்ள வெப்பம் உறிஞ்சப்படுகின்றது. தாரும் கொங்கிறீற்றும் இதற்கு மாறானவை. அவை பகலில் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெதுவாக வெளிவிடுகின்றன. இதனாலேயே நகரின் நடுப்பகுதி அயற்கிராமங்களைவிட வெப்பமாகக் காணப்படுகின்றது. இதனை நகர வெப்பத் தீவு என்பர்.

4. சுதந்திரச் சதுக்கம்

1948 பெப்ரவரி 4 ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றதை நினைவுகூர இங்குள்ள மண்டபம் அமைக்கப்பட்டது. 1815 ஆம் ஆண்டில் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட கண்டி அரச சபா மண்டபத்தைத் தழுவியே இது கட்டப்பட்டுள்ளது. சுதந்திரம் இழக்கப்பட்ட மண்டபத்தின் வடிவிலேயே சுதந்திரத்தின் நினைவுச் சின்னம் அமைந்திருப்பதை வரலாற்றுப் பாட மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

காலையிலும் மாலையிலும் இங்கு நடைப்பயிற்சி செய்வோர் பலர். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இதய நோய் போன்ற தொற்றா நோய்களைத் தடுப்பதற்கு உடற்பயிற்சி அவசியம் என்று சுகாதாரப் பாடத்தில் படித்திருக்கின்றீர்கள். பாதுகாப்பாக நடக்க இடமில்லாத நகரத்தில் அந்த அறிவுரையைப் பின்பற்றுவது கடினம்.

5. பெத்தகான ஈரநிலப் பூங்கா

இனி நகரின் நடுப்பகுதியை விட்டு ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குச் செல்வோம். தியவன்னா ஓயாவை அண்டியுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்கா ஏறத்தாழ 18 ஹெக்டெயர் பரப்புடையது. இங்கு நீரின் மேலாக அமைந்த மரப்பாதையில் நடந்தபடியே நீர்ப்பறவைகளையும் தும்பிகளையும் பார்க்கலாம். அதிகாலையில் சென்றால் அதிகம் காணலாம். இதனைப் போன்ற மற்றுமொரு முக்கிய ஈரநிலம் பெல்லன்வில - அத்திடிய ஆகும். 372 ஹெக்டெயர் பரப்புடைய அது 1990 ஆம் ஆண்டில் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

பலர் சதுப்பு நிலத்தை நுளம்பு பெருகும் பயனற்ற நிலம் என எண்ணுகின்றனர். இது தவறு. கொழும்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழையைப் பெறுகின்றது. நகரின் பல பகுதிகள் தாழ்நிலங்கள். களனி ஆறு பெருகும்போது நகரின் மழைநீர் விரைவாக வடிந்தோட முடிவதில்லை. அந்நேரத்தில் ஈரநிலங்கள் நீரை ஏந்தி வைத்துப் பின்னர் மெதுவாக விடுகின்றன. அவற்றை மண்ணிட்டு நிரப்பினால் அந்நீர் வீடுகளுக்குள் புகும். 2010 நவம்பரில் பெய்த கடும் மழையின்போது தியவன்னா ஓயாவின் நடுவே உள்ள பாராளுமன்ற வளாகமும் வெள்ளத்தில் மூழ்கியது. நீர் செல்வதற்கு இடமில்லாவிட்டால் அது குடிசை, மாளிகை என்று பார்ப்பதில்லை.

ஈரநிலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதன் விளைவை மீத்தொட்டமுல்ல காட்டியது. தாழ்ந்த சதுப்பு நிலப் பிரதேசத்தில் ஆண்டுக்கணக்காக நகரின் குப்பை கொட்டப்பட்டு மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, அக்குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரின் குப்பையைத் தாங்கியவர்கள் அந்த நிலத்தருகே வாழ்ந்த எளிய மக்களே.

இதற்கு மாறாக ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஈரநிலங்களைப் பேணும் சர்வதேச உடன்படிக்கை 1971 ஆம் ஆண்டில் ஈரானின் ராம்சார் நகரில் ஏற்படுத்தப்பட்டது. அதன் கீழ் 2018 ஆம் ஆண்டில் முதன்முறையாக உலகின் 18 நகரங்கள் ஈரநில நகரங்களாக அங்கீகரிக்கப்பட்டன. அவற்றுள் கொழும்பும் ஒன்றாகும்.

விடை எழுதும் முறை

மேலே பார்த்தவற்றைப் பின்வரும் ஐந்து தலைப்புகளில் நினைவில் வைத்திருங்கள்.

சமூகம்: எல்லோருக்கும் பொதுவான முற்றம் (காலி முகத்திடல்)
நீர்: வெள்ளத்தைக் கட்டுப்படுத்தல் (பெத்தகான, பெல்லன்வில - அத்திடிய)
காலநிலை: வெப்பத்தைத் தணித்தல் (விகாரமகாதேவி பூங்கா)
சுகாதாரம்: தொற்றா நோய்களைத் தடுத்தல் (சுதந்திரச் சதுக்கம்)
உயிர்ப்பல்வகைமை: பறவைகள், மீன்கள், தாவரங்களின் வாழிடம் (ஈரநிலங்கள்)

ஒவ்வொரு விடயத்தையும் கூற்று, காரணம், உதாரணம் என்ற ஒழுங்கில் எழுதுக. மாதிரி ஒன்றைப் பாருங்கள்:

"நகர ஈரநிலங்கள் வெள்ளத்தைக் கட்டுப்படுத்துகின்றன. கடும் மழையின்போது மேலதிக நீரை ஏந்தி வைத்து மெதுவாக வெளிவிடுவதே இதற்குக் காரணமாகும். கொழும்புப் பிரதேசத்தில் பெத்தகான, பெல்லன்வில - அத்திடிய ஆகிய ஈரநிலங்கள் இதற்கு உதாரணங்களாகும்."

மூன்று வாக்கியங்களே போதும். உதாரணம் இல்லாத கூற்று பாதி விடையே என்பதை மறவாதீர்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பேர வாவியின் பரப்பு குறைந்தமைக்கான காரணத்தையும், அதனால் நகரத்துக்கு ஏற்படக்கூடிய இரண்டு பாதிப்புகளையும் எழுதுக.
2. "சதுப்பு நிலம் பயனற்ற நிலமாகும்." இக்கூற்றை நீர் ஏற்றுக்கொள்கின்றீரா? காரணம் தருக.
3. வெயிலான ஒரு நாளின் நண்பகலில் பாடசாலை மரநிழலிலும் தார் வீதியோரத்திலும் வெப்பமானியால் வெப்பநிலையை அளந்து, வேறுபாட்டைக் குறித்து விளக்குக.
4. யாழ்ப்பாணத்தின் சுப்பிரமணியம் பூங்கா, மட்டக்களப்பின் காந்தி பூங்கா, நுவரெலியாவின் விக்டோரியா பூங்கா ஆகியவற்றுள் ஒன்றையோ, உங்கள் ஊரிலுள்ள ஒரு குளக்கரையையோ விளையாட்டுத் திடலையோ தெரிவு செய்க. அது மேற்கூறிய ஐந்து பணிகளுள் எவற்றைச் செய்கின்றது என விவரிக்குக.

நான்காவது வினாவைப் புத்தகத்தைப் பார்த்து எழுதாதீர்கள். அவ்விடத்துக்குச் சென்று அரை மணி நேரம் நின்று பாருங்கள். யார் வருகின்றார்கள், மழைநீர் எங்கே செல்கின்றது, எந்தப் பக்கம் நிரப்பப்பட்டுள்ளது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை அந்நிலத்தை நிரப்பலாமா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் வாக்காளராக இருக்கப்போகின்றவர்கள் நீங்களே.