சாற்றை நிறுத்த மிதவை

தேங்காய்ப் பூவை முதற்பாலுக்கும் இரண்டாம்பாலுக்கும் பிழிந்தெடுத்த பின்னர், சக்கையில் இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைக் கைப்பழக்கத்தாலேயே சொல்லிவிடுவோர் நம் அடுக்களைகளில் உளர். நூற்றுக்கு இத்தனை பங்கு கிடைத்தது என்று அங்கு எவரும் கணக்கெழுதுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பியர் காய்ச்சியோரும் இவ்வாறே இருந்தனர். நாவும் விரல்நுனியுமே அவர்தம் அளவுகோல்கள்.

பியரைப் பருகுமாறு எவரையும் தூண்ட நாம் வந்தோமல்லோம். அதன் கொப்பரைக்குள் நிகழும் இரசாயனமும், அதனை அளக்க முயன்றோரின் கதையுமே நம்மைக் கவர்ந்தன.

பார்லியை முளைக்கச் செய்து, உலர்த்தி, உடைத்து, ஏறக்குறைய 65 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஊறவைப்பர். முளைத்த தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளை இனிப்பாக மாற்றும். சாற்றை வடித்தபின், சக்கையின்மேல் மீண்டும் வெந்நீர் ஊற்றி எஞ்சிய இனிப்பையும் கழுவியெடுப்பர். தானியத்திலிருந்து பெறக்கூடிய சத்தில் எத்தனை பங்கு சாற்றுக்கு வந்தது என்பதே கேள்வி.

ஹாம்ப்ஷயரில் ஆல்ற்றன் என்னும் ஊரில் பியர் காய்ச்சிய ஜேம்ஸ் பாவர்ஸ்ரொக், 1770ஆம் ஆண்டை ஒட்டி, இதற்கு நீரமானியைத் துணைக்கொண்டார். பாலில் நீர் கலந்துள்ளதோ என்று பார்க்கும் பால்மானியின் உடன்பிறப்பே இக்கருவி. சாராயத்துக்கு வரி விதித்த அதிகாரிகள் முன்னரே அதனைக் கையாண்டு வந்தனர். பாவர்ஸ்ரொக்கின் தந்தையாரோ புதிய கருவிகளை வெறுத்தவர். மகன் தம் பரிசோதனைகளை அவருக்கு மறைத்தே செய்யவேண்டியதாயிற்று. இலண்டனில் பெருஞ்செல்வராய் விளங்கிய சாமுவேல் விற்பிறெட்டிடம் சென்று கருவியின் பயனை எடுத்துரைத்தார், அவரும் பொருட்படுத்தவில்லை. டாக்டர் ஜோன்சனின் நண்பராக இலக்கிய மாணவர் அறிந்துள்ள ஹென்றி திறேலே அவருக்குக் காதுகொடுத்தார்.

பின்னர், 1784இல், ஹள் நகரத்து யோன் றிச்சாட்சன் இப்பொருள்பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ஒரு பீப்பா சாறு, ஒரு பீப்பா நீரினும் எத்தனை இறாத்தல் மிகுதியாக நிறுக்கும் என்று காண்பதே அவர் முறை. அதன் விளைவு பெரிதாயிற்று. இலண்டன் மக்கள் விரும்பிய போர்ட்டர் என்னும் கரிய பியர், விறகுத் தீயில் உலர்த்திய கபில நிற முளைப்பார்லியால் ஆனது. அது மலிவென்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். நிறுத்துப் பார்த்தபோதோ, வெளிறிய முளைப்பார்லி தரும் சத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே அது தந்தது! மூட்டையின் விலையில் கண்ட இலாபம் கொப்பரையில் மறைந்துபோயிற்று.

காய்ச்சுவோர் வெளிறியதற்கு மாறினர். பியரும் வெளிறத் தொடங்கியது. குடிப்போரோ கருமையையே வலிமையென்று நம்பியிருந்தனர். ஆகவே எரித்த சீனி முதலியவற்றால் நிறமூட்டினர். 1816இல் பாராளுமன்றம் அதனைத் தடைசெய்தது. மறு ஆண்டே டானியல் வீலர் என்பவர், முளைப்பார்லியைக் கோப்பிக்கொட்டைபோல் உருளையில் வறுத்துக் கருக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒரு சிறிதளவே பீப்பா முழுவதையும் கறுக்கச் செய்யப் போதுமானது. நீரமானி கெடுத்ததை வறுகலன் ஒப்பேற்றியது என்க.

பிரித்தானியாவில் வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு உரிமம் வேண்டும் என்னும் விதி 1963இல் நீக்கப்பட்டது. அங்கு வீட்டிற் காய்ச்சுவோர் இன்று றிச்சாட்சனின் கணக்கையே சிறு அளவிற் செய்கின்றனர். மாணவர் பின்வரும் கணக்கைச் செய்து பார்க்கலாம். முளைப்பார்லி 4 கிலோ. ஆய்வுகூட அளவீட்டின்படி அதில் நூற்றுக்கு 80 பங்கு சாரம், அதாவது 3.2 கிலோ. கிடைத்த சாறு 20 லீற்றர். நீரமானி காட்டும் சாரடர்த்தி 1.050. எனவே சாற்றின் நிறை 21 கிலோ. அச்சாரடர்த்தியுடைய சாற்றில் நூற்றுக்கு 12.4 பங்கு கரைந்த சாரம் உண்டென்று அட்டவணை கூறும். ஆகவே கரைந்தது 2.6 கிலோ. அதனை 3.2ஆல் வகுப்பின் விளைதிறன் நூற்றுக்கு 81.

இவ்வெண்ணை உயர்த்தும் ஆசையால் சக்கையை அளவுமீறிக் கழுவுவோரும் உளர். உமியின் துவர்ப்பும் சாற்றில் இறங்கிவிடும். எண் அழகாயிருக்கும், பியர் வாயில் வைக்க முடியாததாகும்.

புதியவர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் வெப்பமே. நீரமானி 20 பாகைக்கு அளவுகுறிக்கப்பட்டதாயிருக்க, 65 பாகையிலுள்ள சாற்றில் அதனை மிதக்கவிட்டால், விரிந்து அடர்த்தி குறைந்த அத்திரவத்தில் 1.050 என்பது 1.034 அளவாகவே தோன்றும். இனிப்பில் மூன்றிலொரு பங்கு களவுபோனதாக அவர் மயங்குவார். அதனால் ஒரு குவளைச் சாற்றை வேறாக எடுத்து, குளிர்ந்த நீரில் அமிழ்த்தி ஆறவைத்து, வெப்பமானியைப் பார்த்தபின்னரே மிதவையை இடவேண்டும்.