சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினா இஎஸ்ஐ என்னாகும்? மருத்துவக் காப்பீடு எப்போ, எப்படி எடுக்கணும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு மெஷின் ஆபரேட்டருக்கு மாதச் சம்பளம் 20,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்க்ரிமென்ட் வந்து 22,000 ஆகிறது. சந்தோஷமான விஷயம்தான். ஆனால், அந்த 1,500 ரூபாய் உயர்வு அவரோட குடும்பத்தின் இஎஸ்ஐ பாதுகாப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல குடும்பங்கள் மருத்துவக் காப்பீடு பற்றி முதன்முதலாக யோசிப்பதே இந்த இடத்தில்தான்.

இஎஸ்ஐ-யில் என்ன கிடைக்குது?

2017 ஜனவரி முதல் இஎஸ்ஐ-க்கான சம்பள உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. இதில் ஓவர்டைம் பணம் கணக்கில் சேராது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம் கட்ட வேண்டும். 20,500 ரூபாய் சம்பளத்துக்கு தொழிலாளியின் பங்கு சுமார் 154 ரூபாய்தான்.

இந்தத் தொகைக்கு அவருக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. ஏற்கெனவே சர்க்கரை இருக்கா, பிபி இருக்கா என்ற கேள்வியும் இல்லை. தனியார் பாலிசி எதுவும் இந்த விலைக்கு இதைத் தராது.

21,000-ஐத் தாண்டிய அன்னைக்கே கட் ஆகுமா?

ஆகாது. இஎஸ்ஐ-யில் ஆண்டுக்கு இரண்டு பங்களிப்புக் காலங்கள்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. ஜூன் மாதம் சம்பளம் உயர்ந்தால் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரும், பாதுகாப்பும் தொடரும். உயர்வு ஏப்ரல் 1 அல்லது அக்டோபர் 1-லேயே அமலுக்கு வந்தால் இந்த அவகாசம் கிடைக்காது. அதனால் இன்க்ரிமென்ட் கடிதத்தில் தேதியைப் பாருங்க.

அப்போ முதலமைச்சர் காப்பீடு இருக்கே?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால், குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதம் 22,000 என்றால் ஆண்டுக்கு 2.64 லட்சம். இஎஸ்ஐ-க்கு சம்பளம் அதிகம், அரசுக் காப்பீட்டுக்கும் வருமானம் அதிகம். நடுவில் மாட்டிக்கொள்கிற குடும்பம் இதுதான்.

வருமான வரம்புக்குள் வருபவர்கள், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிவு செய்யலாம். ஆவடி, பூந்தமல்லி மக்களுக்கு அது திருவள்ளூர். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால், அவர்களுக்கு ராஜாஜி சாலை.

ஏன் முன்கூட்டியே எடுக்கணும்?

தனியார் பாலிசி எடுத்த மறுநாளே எல்லாத்துக்கும் பணம் வராது. விபத்தைத் தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்ற சிகிச்சைகளுக்கு பெரும்பாலும் 2 ஆண்டு. பாலிசிக்கு முன்பே இருக்கும் நோய்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. இது முன்பு 4 ஆண்டாக இருந்தது, 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ குறைத்தது.

சர்க்கரை, பிபி உள்ள ஒருவர் இஎஸ்ஐ போன பிறகு பாலிசி எடுத்தால், அந்த நோய்களுக்கு 3 ஆண்டு வரை பாதுகாப்பு இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். சம்பளம் 18,000, 19,000-ல் இருக்கும்போதே ஒரு சின்ன பாலிசி எடுத்துவிட்டால், காத்திருப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்; அதுவரை இஎஸ்ஐ கைகொடுக்கும். சில ஆண்டுகள் கூடுதலாக பிரீமியம் கட்ட வேண்டும் என்பது உண்மை. ஆனால், வீட்டில் ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் இருந்தால் அது வீண் செலவு இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருக்கிறது.

‘கம்பெனியில குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கே’ என்பவர்களுக்கு: வேலையை விட்டால் அதுவும் போய்விடும்.

பாலிசியில் எதைப் பார்க்கணும்?

ரூம் வாடகை வரம்பு: 3 லட்சம் ரூபாய் பாலிசியில் ‘ஒரு நாள் வாடகை 1 சதவீதம்’ என்று இருந்தால் உங்க வரம்பு 3,000 ரூபாய். நீங்க 6,000 ரூபாய் ரூமில் 4 நாள் தங்கினால், வாடகை 24,000-ல் 12,000 மட்டும் கிடைக்கும். அதோடு நிற்காது. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் 80,000 என்றால் அதிலும் பாதிதான் வரும். இரண்டும் சேர்த்து 52,000 ரூபாய் உங்க கையிலிருந்து போகும்.

கோ-பே: 10 சதவீத கோ-பே என்றால், ஒரு லட்சம் பில்லில் 10,000 நீங்கதான் கட்டணும்.

நெட்வொர்க்: நீங்க வழக்கமா போகும், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனை கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையிலேயே கேளுங்க.

ஃப்ளோட்டர்: கணவன், மனைவி, குழந்தைகளுக்கு ஒரே பாலிசி வசதி. ஆனால், குடும்பத்தில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். 60 வயது அப்பா, அம்மாவுக்கு தனி பாலிசி எடுப்பது நல்லது.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், 2020 ஏப்ரலில் வந்த ‘ஆரோக்ய சஞ்சீவனி’யைப் பாருங்க. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றுதான்: கோ-பே 5 சதவீதம், ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய்.

எதை மறைக்கக் கூடாது?

‘சர்க்கரை இருக்குன்னு எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. மறைத்த நோயைக் காரணம் காட்டி க்ளெய்மை நிராகரிக்கலாம். தொடர்ந்து 5 ஆண்டு பாலிசி நடந்த பிறகுதான், மோசடியைத் தவிர வேறு காரணத்துக்காக அப்படிக் கேள்வி எழுப்ப முடியாது. பாலிசி கைக்கு வந்ததும் படிங்க. பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

க்ளெய்ம் மறுத்தா?

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரத்திலும் நிறுவனம் பதில் தர வேண்டும் என்பது 2024 மே மாத ஐஆர்டிஏஐ உத்தரவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்க. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தில் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஐஆர்டிஏஐ-யின் 155255 எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.