பிள்ளைகளுக்கேற்ற ஒரு புதுத் தொழில்

ஸ்ரீரங்கம் கோயிலில் கைசிக ஏகாதசியன்று நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றப்படுவதையும், 365 தாம்பூலங்கள் சமர்ப்பிக்கப்படுவதையும் நம் அங்கத்தினர் பலர் நேரில் சேவித்திருப்பர். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு துணி, ஒரு தாம்பூலம் என்பது கணக்கு. தறியும் கொடிக்காலும் இன்றி இவ்வைபவம் நடவாது. ஆயினும் அதைக் காண வெளியூரிலிருந்து வரும் அன்பர்களில் எத்தனை பேர் திரும்பும்போது நெசவாளர் சங்கத்தின் துணி ஒன்றை வாங்கிச் செல்கின்றனர்? உறையூர் அருகில் இருப்பதே பலருக்குத் தெரியாது. காண வருவோரையும் உழைத்து உண்டாக்குவோரையும் இணைத்து வைப்பதையே உத்தியோகமாகக் கொண்டவர்கள் இன்று இருக்கின்றனர். பண்பாட்டுச் சுற்றுலா ஆலோசகர் என்பது அவர்களது பெயர்.

வழிகாட்டி வேறு, ஆலோசகர் வேறு. வழிகாட்டி கோபுரத்தைக் காட்டிக் கதை சொல்வார். ஆலோசகரோ, நாளொன்றுக்கு எத்தனை பேர் வருகின்றனர், எவ்வளவு நேரம் தங்குகின்றனர், எங்கே செலவிடுகின்றனர், வண்டிகள் எங்கே நிற்கின்றன, எந்தக் கல் தேய்கிறது, எந்தத் தெருவாசிக்குத் தொல்லை என்று கணக்கெடுத்து, செய்யத்தக்கது, செய்யத்தகாதது இரண்டையும் மதிப்பீட்டுடன் எழுதித் தருபவர். கோயில் நிர்வாகமோ நகராட்சியோ சர்க்காரோ கேட்டுக்கொள்ள, அவர் கட்டணம் பெற்றுப் பணி செய்கிறார்.

இது நம் ஊருக்கு முற்றிலும் புதிதன்று. 1960-களின் பிற்பகுதியிலேயே யுனெஸ்கோ நிறுவனம் ஸ்ரீரங்கத்திற்கு நிபுணர்களை அனுப்பியது. அவர்களுள் ஒருவர் பாரிசு நகரத்துக் கீமே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ழானின் ஓபுவாயே அம்மையார். இக்கோயிலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1969-ல் யுனெஸ்கோ வெளியீடாக வந்தது. பின்னர் நடந்த பெருந்திருப்பணியில் பிற்காலக் கட்டுமானங்கள் அகற்றப்பட்டன. மழைநீர் தேங்காதபடி பழைய வடிகால்கள் மீண்டும் செம்மை செய்யப்பட்டன. அதற்காகவே 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. கல்லுக்கு நிபுணர் கிடைத்துவிட்டார், மகிழ்ச்சியே. ஆனால் ஸ்ரீரங்கம் வெறுங்கல் அன்று. ஏழு பிராகாரங்களில் வெளிப்புறத்தவை சித்திரை வீதி, உத்திர வீதி என மக்கள் குடியிருந்து வாணிபம் செய்யும் வீதிகளாகும். அங்குள்ளோர்க்கும் சுற்றுவட்டாரத்துத் தொழிலாளர்க்கும் ஆலோசனை கூற வல்லார் இன்னமும் மிகச் சிலரே.

உறையூரை எடுத்துக்கொள்வோம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பயணக் குறிப்பில் ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணிகள் கூறப்படுகின்றன. அது உறையூரே என்பது அறிஞர் கருத்து. 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கு அகழ்ந்தபோது சாயத்தொட்டியும் வெளிப்பட்டது. இவ்வளவு பழமையான நெசவூரைத் தாண்டித்தான் யாத்திரீகர்கள் மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் பார்த்துவிட்டு, மதிய உணவு முடிந்ததும் தஞ்சைக்கு வண்டியேறுகின்றனர். அரைநாள் அவர்களை இங்கே நிறுத்தினால் போதும்.

நிறுத்துவது எப்படி என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தறியைப் பார்க்க ஆள் வந்தால் நெசவாளிக்கு லாபம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நெசவாளிக்குக் கூலி சேலைக் கணக்கில். மணிக் கணக்கில் அன்று. பத்துப் பேர் வந்து அரைமணி நேரம் படம் பிடித்துக்கொண்டு நின்றால் அவ்வளவு நேரம் நாடா ஓடாது. அந்த நஷ்டம் அவருடையது. தறிக்குழி இருப்பதோ குடும்பம் நடத்தும் வீடு. ஆதலின் பார்வைக் கட்டணம் சங்கத்தில் செலுத்தப்பட்டு, முறை வைத்துத் தறிக்காரரின் கணக்கில் வரவாக வேண்டும். வாரத்தில் எந்த நாள், எத்தனை பேர் என்பதைச் சங்கமே தீர்மானிக்க வேண்டும். கொள்ளிடக் கரை வாழைத் தோட்டங்களுக்கும் இதே நியாயந்தான். வாய்க்கால் வரப்பை மிதித்துக் கெடுத்துவிட்டு, காசைச் சாலையோர உணவு விடுதிக்குக் கொடுத்துப் போகும் சுற்றுலாவினால் விவசாயிக்கு என்ன பயன்? பாவுக்கும் ஊடைக்கும் வேறுபாடு அறியாதவர் வரையும் திட்டத்தில் இவை இடம்பெறா. சங்கத் தணிக்கைக்குப் போகுமிடமெல்லாம் நான் காண்பது, நெசவாளர் வீட்டுப் பட்டதாரி பட்டணத்தில் சம்பந்தமில்லாத வேலையில் இருப்பதைத்தான். அவர் அறிந்த விஷயத்தை ஓர் அயலார் காசுக்கு விசாரித்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

திட்டங்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. 2015-ல் மத்திய அரசு மரபு நகரங்கள் பன்னிரண்டைத் தேர்ந்து ‘ஹிருதய்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. 2019-ல் முடிந்த அத்திட்டத்தில் பட்டு நெசவூராகிய காஞ்சிபுரமும் இருந்தது. ஒவ்வொரு நகருக்கும் ஓர் ஆலோசனை நிறுவனம் அமர்த்தப்பட்டது. திருச்சிக்கும் இத்தகைய நாள் வரக்கூடும். அன்று மேசையின் மறுபுறம் நம் பிள்ளை இருப்பாரா?

படிப்பைப் பற்றிச் சில வார்த்தை. வரலாறு, கட்டடக்கலை, பொருளாதாரம், வணிகம் ஆகிய எதில் பட்டம் பெற்றவரும் இதில் இறங்கலாம். 1983-ல் தொடங்கப்பெற்று குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுற்றுலா, பயண மேலாண்மை நிறுவனத்திற்கு நெல்லூரிலும் கல்விக்கூடம் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும் கட்டடக்கலையும் பயிலலாம். ஆங்கிலத்தில் பிழையின்றி அறிக்கை எழுதவும், ஒப்பந்தப்புள்ளி விதிகளைப் படித்தறியவும் பழகவேண்டும். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தும் வரவுசெலவு மதிப்பீடு போடத் தெரியாதவர் இத்தொழிலில் நிலைப்பது கடினம். வருமானம் மாதச் சம்பளம் போன்றதன்று. அறிக்கையின் கட்டங்கள் முடிய முடியத் தவணையாக வரும். சில வேளை தாமதமாகவும் வரும். முதல் சில ஆண்டுகள் பெரிய நிறுவனமொன்றில் உதவியாளராக இருப்பதே விவேகம்.

இளைஞர் தொடங்குவதற்கு ஒரு சிறு பணி உண்டு. வைகுண்ட ஏகாதசி உற்சவ நாட்களில் ஸ்ரீரங்கத்திற்கு வருவோரில் நூறு பேரை வினவி, எங்கிருந்து வந்தனர், எங்கே தங்கினர், துணி வாங்கினரா, வாங்கினால் எங்கே என்று எழுதிக் கொண்டுவரச் சொல்லலாம். பொதுநல நிதி உள்ள சங்கங்கள் விதிகளுக்குட்பட்டு இதற்கான செலவை அனுமதிப்பதைப் பற்றி நிர்வாகக் குழுவில் ஆலோசிக்கலாம். அந்த நூறு விடைகளையும் அடுத்த பொதுக்குழுவில் படித்துக் காட்டும்படி அவரையே கேட்டுக்கொள்ளலாம்.