வேடிக்கை பார்த்தல்

வேடிக்கை பார்த்தல் என்பது பேருந்து நிறுத்தம், கடைத்தெரு, தேரோடும் வீதி போன்ற பொது இடங்களில் வந்து போகும் மனிதர்களை, அவர்களுக்கு இடையூறு செய்யாமல் பார்த்துப் பொழுது போக்கும் வழக்கமாகும். செலவில்லாத, கருவி எதுவும் தேவைப்படாத இவ்வழக்கம் உலகின் எல்லா ஊர்களிலும் உள்ளது. இதற்கு எழுதப்படாத ஒழுங்குகள் உண்டு. அவற்றை மீறும்போது பார்க்கப்படுபவருக்கு அது தொல்லையாகவும், சில நேரங்களில் சட்டப்படி குற்றமாகவும் ஆகிறது.

சொற்கள்

பார்வையின் வகைகளைத் தமிழ் தனித்தனிச் சொற்களால் பிரித்து வைத்துள்ளது. பொதுவாகப் பார்ப்பது வேடிக்கை பார்த்தல். செய்ய வேண்டிய வேலையை மறந்து பார்ப்பது பராக்குப் பார்த்தல். கண்ணை எடுக்காமல் பார்ப்பது வெறித்துப் பார்த்தல். கோபத்தோடு பார்ப்பது முறைத்தல். உள்நோக்கத்தோடு அளந்து பார்ப்பது நோட்டம் விடுதல். பிறர் வீட்டுக்குள் தலையை நீட்டுவது எட்டிப் பார்த்தல். முதல் இரண்டும் தீங்கற்றவையாகக் கருதப்படுகின்றன. மற்றவை பார்க்கப்படுபவரைப் பாதிக்கின்றன. ஒரே கண், ஒரே இடம் என்றாலும் பார்க்கும் நேரமும் நோக்கமும் மாறும்போது சொல்லும் மாறிவிடுகிறது.

'வேடிக்கை பார்க்கிறான்' என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு. உதவ வேண்டிய இடத்தில் கைகட்டி நிற்பவரைக் குறை கூறவும் இத்தொடர் பயன்படுகிறது.

தா.பழூர்ப் பகுதியில்

தா.பழூர் அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் வட்டத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்த ஊர். ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடம். செயங்கொண்டத்துக்கும் கும்பகோணத்துக்கும் செல்லும் மக்கள் இவ்வழியே பயணிக்கின்றனர். சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, கடை ஆகியவற்றுக்காக மக்கள் வந்து சேரும் இத்தகைய ஒன்றியத் தலைமையூர்களில் வேடிக்கை பார்க்கும் இடங்கள் தாமாகவே உருவாகின்றன. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும், தேநீர்க்கடை பெஞ்சும், மரத்தடி நிழலும் அதற்குப் போதுமானவை.

பழைய வீடுகளில் இதற்கென்றே அமைந்தது போன்ற இடம் திண்ணை. வழிப்போக்கர் இளைப்பாறவும் வீட்டார் மாலையில் காற்று வாங்கவும் கட்டப்பட்ட திண்ணை, தெருவைப் பார்த்தபடியே இருக்கும். அங்கே அமர்ந்திருக்கும் பெரியவர் தெருவில் புதிதாக வருபவரிடம் "யார் வீட்டுக்குப் போகணும்?" என்று கேட்பது வழக்கம். அக்கேள்வி விருந்தினருக்கு வழிகாட்டியது; ஊருக்குக் காவலாகவும் இருந்தது. திண்ணைக்குப் பதிலாக வீட்டின் முன் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்த தெருக்களில் இந்த வழக்கம் தேநீர்க்கடைக்கு இடம் மாறியது.

இலக்கியத்தில்

மனிதர் கூட்டத்தைப் பார்ப்பது தமிழ் இலக்கியத்தில் பழைய பொருள். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, மதுரையின் நாளங்காடி எனப்படும் பகல் சந்தையையும் அல்லங்காடி எனப்படும் இரவுச் சந்தையையும் அங்கு நடமாடும் மக்களையும் விரிவாகக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே 'ஊர்காண் காதை' அமைந்துள்ளது.

உலா என்னும் சிற்றிலக்கிய வகை முழுவதும் வேடிக்கை பார்த்தலின் மீதே நிற்கிறது. அரசனோ இறைவனோ வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவப் பெண்கள் அதைக் கண்டு கொள்ளும் உணர்வுகளே அதன் பொருள். ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் மீதும் பாடிய உலாக்கள் சேர்த்து மூவருலா எனப்படுகின்றன. சோழர்களின் அக்காலத் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இன்று தா.பழூர் இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. உலாவில் பார்ப்பவர் பெண்; பார்க்கப்படுபவர் ஆண். இன்றைய கடைத்தெருவில் பெரும்பாலும் இது தலைகீழாக உள்ளது.

ஆய்வுகள்

சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963-இல் வெளியிட்ட நூலில், பொது இடங்களில் அறிமுகமற்றவர்கள் நடந்துகொள்ளும் முறையை விளக்கினார். எதிரே வருபவரை ஒரு நொடி பார்த்து, 'நீங்கள் இருப்பதை அறிவேன்' என்று கண்ணால் உணர்த்திவிட்டு, உடனே பார்வையை விலக்கிக்கொள்வதே அந்த முறை. இதை நாகரிகமான கவனமின்மை எனலாம். அறவே பாராதது போல இருப்பது அவமதிப்பாகும். தொடர்ந்து பார்ப்பது அத்துமீறலாகும். இரண்டுக்கும் இடைப்பட்டதே மரியாதை.

ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் எழுதிய நகரங்கள் பற்றிய நூலில், தெருவைப் பார்க்கும் கண்களே தெருவைப் பாதுகாக்கின்றன என்று வாதிட்டார். கடைக்காரரும் வாசலில் அமர்ந்திருப்பவரும் பார்த்துக்கொண்டிருக்கும் தெருவில் குற்றம் செய்பவர் தயங்குவார் என்பது அவர் கருத்து. திண்ணைப் பெரியவரின் கேள்வியும் இதே பணியைச் செய்தது. வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கின் சதுக்கங்களைப் படம் பிடித்து ஆராய்ந்து, 1980-இல் முடிவுகளை வெளியிட்டார். மக்களை அதிகம் ஈர்ப்பது பிற மக்களே என்பதும், உட்கார இடம் இருந்தால் அங்கே கூட்டம் சேரும் என்பதும் அவர் கண்டவை.

பார்க்கும் உரிமை யாருக்கு

வேடிக்கை பார்க்க முதலில் பொது இடத்தில் நிற்கும் உரிமை வேண்டும். அது எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை. தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் தேநீர்க்கடை பெஞ்சில் அமரும் உரிமை பட்டியல் சாதியினருக்கு மறுக்கப்பட்டது. தனிக் குவளை முறை இருந்தது. செருப்பணிந்தோ மிதிவண்டியில் ஏறியோ சில தெருக்களைக் கடக்கக்கூடாது என்ற தடைகளும் இருந்தன. அத்தெருக்களில் திண்ணையின் கண் காவலாக இல்லாமல் கண்காணிப்பாக இருந்தது. அரசியலமைப்பின் 17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இத்தகைய செயல்களுக்குத் தண்டனை வகுத்தது.

பெண்களின் நிலையும் கவனிக்கத்தக்கது. ஆண் ஒருவர் தேநீர்க்கடையில் ஒரு மணி நேரம் காரணமின்றி அமர்ந்திருக்கலாம். பெண்ணிடம் கையில் பையோ, பேருந்துக்குக் காத்திருக்கும் காரணமோ எதிர்பார்க்கப்படுகிறது. மும்பையை ஆராய்ந்து மூன்று பெண்கள் 2011-இல் வெளியிட்ட 'வொய் லாய்ட்டர்?' என்ற நூல், வேலையின்றிப் பொது இடத்தில் இருப்பதும் பெண்ணின் உரிமையே என்றது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். பேருந்துச் செலவு ஒரு தடையாக இருந்த பெண்களுக்கு வெளியே செல்வது இதனால் எளிதாயிற்று.

ஒழுங்குகள்

பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்குகள் பின்வருமாறு:

• பார்வை ஒருவர் மீது நிலைக்காமல் நகர வேண்டும். கண்கள் சந்தித்துவிட்டால் விலக்கிக்கொள்ள வேண்டும். சிற்றூரில் ஒரு சிறு தலையசைப்பு போதும்.
• சாப்பிடுபவரின் இலையையோ தட்டையோ பார்க்கக்கூடாது. 'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்ற பழமொழி கண்ணேறு நம்பிக்கையிலிருந்து வந்தது. நம்பிக்கை இல்லாதவருக்கும் இது நல்ல பழக்கமே.
• அழுபவர், குழந்தைக்குப் பாலூட்டுபவர், நோயாளி, மாற்றுத்திறனாளி ஆகியோரைக் காட்சிப் பொருளாகப் பார்க்கக்கூடாது.
• கண்டதை வைத்துப் பிறர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசக்கூடாது. ஒரு பெண் யாரோடு பேசினாள் என்பது தேநீர்க்கடையிலிருந்து அவள் வீட்டுக்குச் செல்லும்போது, அவள் படிப்பு நின்றுபோகவும் அது காரணமாகலாம்.
• ஒப்புதலின்றிப் படம் எடுக்கக்கூடாது. கண்ணால் கண்டது மறந்துபோகும். கைப்பேசியில் எடுத்தது பல ஊர்களுக்குப் பரவி, நீண்ட காலம் நிற்கும்.
• பார்க்கப்படுபவர் முகம் திருப்பினாலோ, ஆடையைச் சரிசெய்தாலோ, இடம் மாறி நின்றாலோ அது 'போதும்' என்பதற்கான குறிப்பாகும்.

சட்டம்

பொது இடத்தில் பிறரைப் பார்ப்பது குற்றமன்று. ஆனால் பொது இடத்துக்கு வந்ததாலேயே ஒருவர் தம் அந்தரங்க உரிமையை இழப்பதில்லை என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று வழங்கிய புட்டசாமி வழக்குத் தீர்ப்பில் தெளிவுபடுத்தியது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு, பெண்ணின் அந்தரங்கச் செயலை ஒளிந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் குற்றமாக்குகிறது. விருப்பமின்மையைத் தெரிவித்த பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வது 78-ஆவது பிரிவில் வருகிறது. பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கோடு சொல்லும் சொல், காட்டும் சைகை ஆகியவை 79-ஆவது பிரிவில் வருகின்றன.

தமிழ்நாட்டில் 1998-இல் ஈவ் டீசிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் அது பெண்களைத் துன்புறுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பேருந்து நிறுத்தம், சாலை, கல்வி நிறுவனம், கோயில் ஆகிய இடங்கள் இதில் அடங்கும். உதவி தேவைப்படும் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

வேடிக்கையும் உதவியும்

விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடியும் எவரும் உதவ முன்வராதது அடிக்கடி நிகழ்வது. பிப் லட்டானே, ஜான் டார்லி ஆகிய உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட சோதனைகள் இதற்கு ஒரு காரணத்தைக் காட்டின. பார்ப்பவர் எண்ணிக்கை கூடும்போது, 'வேறு யாராவது செய்வார்கள்' என்ற எண்ணத்தால் ஒவ்வொருவரின் பொறுப்புணர்வும் குறைகிறது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேரிடும் என்ற அச்சமும் இந்தியாவில் சேர்ந்துகொண்டது. உதவுபவரைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலு அளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ பிரிவு சேர்க்கப்பட்டது. இதன்படி, நல்லெண்ணத்தோடு உதவியவரைத் தம் பெயரையோ முகவரியையோ தெரிவிக்குமாறு கட்டாயப்படுத்த முடியாது.

எனவே கூட்டத்தில் நிற்பவர் பொதுவாக "யாராவது கூப்பிடுங்க" என்று கத்துவதைவிட, ஒருவரைக் குறிப்பிட்டு "சட்டை போட்ட தம்பி" என்பது போலப் பொதுப்படையாக அன்றி, "நீலச் சட்டை போட்ட தம்பி, நீங்க 108-க்குக் கூப்பிடுங்க" என்று அடையாளம் காட்டிச் சொல்வது பயன் தரும். பெயர் தெரியாத ஒருவரையும் அப்படிச் சுட்டிக்காட்ட முடிவது, அதுவரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான்.